பூட்டு மட்டும் மெய்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1971 ஆகஸ்ட் மாதம் நடந்த போலிச் சிறைச் சோதனையைப் பற்றிய வழக்கு அரை நூற்றாண்டாகத் தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் வேடிக்கை, எதிரெதிராக நின்றவர்கள் ஒரே வாதத்தைச் சொல்வதுதான். வெறிபிடித்தவர்போலக் கத்தியதாகப் பாடநூல்களில் இடம்பெற்ற கைதி, அது நடிப்பு என்கிறார். கொடுமைக்காரர் என்று பெயரெடுத்த காவலர், தானும் வேண்டுமென்றே நடித்ததாகச் சொல்கிறார். 2018இல் பென் ப்ளம் என்ற எழுத்தாளர் இவர்களிடம் பேசி எழுதிய கட்டுரையும், அதே ஆண்டில் ஆவணக் காப்பகத்தைத் துருவி திபோ லெ தெக்சியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுதிய நூலும் வந்த பிறகு, பலருக்கு ஒருவித நிம்மதி. கதையே கட்டிவிட்டது என்றால் பெரிய பாதகம் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே பொருள்?

அப்படிப் பொருள் இல்லை. நடித்தார்கள் என்பது அந்தச் சோதனையின் அறிவியல் மதிப்பைக் குறைக்கும், மிகவும் குறைக்கும். அறக்கணக்கை அது குறைக்காது. ஒருவிதத்தில் கூட்டவே செய்யும்.

நடந்தது தெரிந்த கதைதான். பேராசிரியர் ஃபிலிப் ஜிம்பார்டோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: சிறை வாழ்க்கை குறித்த உளவியல் ஆய்வுக்குக் கல்லூரி மாணவர்கள் தேவை, நாளொன்றுக்கு 15 டாலர். எழுபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மனநலத்தில் குறையில்லாதவர்கள் என்று சோதித்து 24 பேரைப் பொறுக்கினார்கள். கைதி யார், காவலர் யார் என்பதைக் காசு சுண்டிப்போட்டு முடிவு செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலோ ஆல்டோ நகரத்துப் போலீஸ்காரர்கள், நிஜப் போலீஸ்காரர்கள், வீடு தேடிப் போய் அக்கம்பக்கத்தார் பார்க்கக் கைவிலங்கு மாட்டி அழைத்து வந்தார்கள். உளவியல் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் மூன்று அறைகளுக்குக் கம்பிக்கதவு வைத்திருந்தார்கள். வந்தவர்களின் துணியைக் களைந்து, பேன் மருந்து என்று சொல்லித் தெளித்து, உள்ளாடை இல்லாமல் ஓர் அங்கியை மாட்டிவிட்டார்கள். வலது கணுக்காலில் சங்கிலி, தலையில் நைலான் காலுறையால் ஆன தொப்பி, பெயருக்குப் பதிலாக எண். காவலர்களுக்குக் காக்கி உடுப்பு, விசில், தடி, எதிரே நிற்பவரின் முகமே தெரியும்படியான கறுப்புக் கண்ணாடி. இரண்டு வாரத்துக்கென்று தொடங்கியதை ஆறாம் நாள் இழுத்து மூடினார்கள்.

8612 என்ற எண் தரப்பட்ட மாணவர் அவ்வளவு நாள் இருக்கவில்லை. 36 மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். அவர் வேலைக்கு மனுப்போட்டதே, கொட்டடியில் உட்கார்ந்து ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்துக்கொள்ளலாம், சம்பளமும் வரும் என்ற கணக்கில். புத்தகம் தர மறுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் கைதிகள் கட்டிலை வைத்துக் கதவை அடைத்துக் கலகம் செய்ய, காவலர்கள் தீயணைப்புக் கருவியிலிருந்து குளிர்ந்த கரியமில வாயுவைப் பீய்ச்சி அடக்கினார்கள். 8612 வெளியே போக வேண்டும் என்றார். ஆய்வுக்குழுவின் ஆலோசகர், நிஜச் சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்து வந்தவர், இதற்கே இப்படி என்றால் உண்மையான சிறையில் என்ன ஆவாய் என்று அவரைக் கேலி செய்தார். பிறகு ஒரு பேரம்: சக கைதிகள் பேசுவதை வந்து சொன்னால் காவலர்கள் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அவர் கொட்டடிக்குத் திரும்பி மற்றவர்களிடம் சொன்ன சேதி ஒன்றுதான்: இங்கிருந்து யாரும் போக முடியாது. அதற்குப் பிறகுதான் அலறல், அழுகை, ஆவேசம். அதன் பிறகுதான் விடுதலை.

வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. பைத்தியம்போலக் கத்தினார், பலித்தது. மனநல மருத்துவம் தெரிந்த எவருக்கும் அது பாசாங்கு என்று விளங்கியிருக்கும் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். சரி, பாசாங்குதான். ஆனால் இந்தப் பாசாங்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், 'எல்லாம் நடிப்பு' என்ற வாதம் தலைகீழாகிறது. 'எனக்கு விருப்பமில்லை, போகிறேன்' என்ற சொல்லுக்குக் கதவு திறந்திருந்தால் எவனும் பைத்திய வேஷம் கட்ட மாட்டான். திறக்கவில்லை. ஆக அந்த அடித்தளத்தில் அங்கி போலி, எண் போலி, குற்றம் போலி, தண்டனை போலி. பூட்டு மட்டும் மெய். கத்தல் உண்மையா போலியா என்று ஆராய்வது சோதனையின் முடிவுகளை நம்பலாமா என்பதற்கு உதவும். அவரை அடைத்து வைத்தது சரியா என்ற கேள்விக்கு அதனால் பயனில்லை.

இங்கே ஜிம்பார்டோவின் தரப்பையும் கேட்க வேண்டும். யாரையும் வலிந்து பிடித்து வரவில்லை. எல்லோரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள். ஆய்விலிருந்து விலகுகிறேன் என்று திட்டவட்டமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்போம், அவர்கள் அப்படிச் சொல்லாமல் டாக்டர் வேண்டும், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள் என்பது அவர் ப்ளமிடம் தந்த விளக்கம். அந்தப் படிவம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் இப்படி ஒரு திறவுகோல் வாசகம் கிடையாது. இருப்பது வேறொன்று: முழுக் காலமும் பங்கேற்க வேண்டும், உடல்நலக் காரணத்தை ஆய்வுக் குழுவின் மருத்துவ ஆலோசகர்கள் ஏற்றாலோ, வேறு காரணத்தைத் தலைமை ஆய்வாளர் தகுந்தது என்று கருதினாலோதான் விடுவிக்கப்படுவார்கள்.

ஒருவன் கஷ்டத்துக்குச் சம்மதிக்கலாம். பசிக்கு, வலிக்கு, அவமானத்துக்குக்கூடச் சம்மதிக்கலாம். விரதம் இருப்பவரும் மலையேறுபவரும் ராணுவத்தில் சேருபவரும் ஏதோ ஒரு வகையில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சம்மதத்தை விலக்கிக்கொள்ளும் உரிமையையே சம்மதித்துக் கொடுத்துவிட முடியுமா? கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவர் அதை வாங்கலாமா? தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள்கூட மூச்சு வாங்கினால் 'அம்பேல்' சொல்லி ஒதுங்கலாம்; அதற்குப் பிறகு தொட்டால் அது ஆட்டத்தில் சேராது. சேருவது நம் கையில் இருப்பதைப்போல விலகுவதும் நம் கையில் இருக்கும்வரைதான் விளையாட்டு. விலகும் உரிமை எதிராளியின் தீர்ப்புக்குப் போன கணமே, அதன் பெயர் என்னவாக இருந்தாலும், ஓர் ஆளை இன்னோர் ஆள் பிடித்து வைத்திருக்கிறார் என்றுதான் ஆகும். படிவத்தை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க வேண்டியதில்லை. பாதியில் எல்லோரும் கிளம்பிவிட்டால் ஆய்வு என்னாவது என்ற கவலையே போதும்.

பின்னர் நடந்த பரோல் விசாரணையை ஜிம்பார்டோ தம் ஆய்வின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சொல்லிவந்தார். இதுவரை சேர்ந்த சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் பரோல் தரலாமா என்று கேட்டபோது பெரும்பாலோர் சரி என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம், கொட்டடிக்குப் போ என்றதும் எழுந்து போய்விட்டார்கள். பணம்தான் வேண்டாம் என்றாகிவிட்டதே, அந்த நிமிடமே வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாமே, சிறை அவர்கள் மனத்துக்குள் புகுந்துவிட்டது என்பது அவர் வாசிப்பு. சுருக்கமான வாசிப்பு வேறொன்று உண்டு. யாரும் போக முடியாது என்ற சேதி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. நம்பினார்கள். நம்பியதற்குத் தக்கபடி நடந்தார்கள். தாமே பூட்டிய கதவைக் காட்டி, பார், இவன் தள்ளிக்கூடப் பார்க்கவில்லை என்று வியப்பதில் ஆய்வு நேர்மை எவ்வளவு என்பது யோசிக்கத்தக்கது.

இனி காவலர்கள். இவர்களில் கொடூரமாக நடந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்களில் சிலர் விதிப்படி நடந்தார்கள், சிலர் கைதிகளுக்குச் சிறு சிறு உதவிகூடச் செய்தார்கள். கைதிகளால் 'ஜான் வெய்ன்' என்று பட்டப்பெயர் சூட்டப்பட்டவர் 'கூல் ஹேண்ட் லூக்' படத்துச் சிறை அதிகாரியை மனத்தில் வைத்துத் தென் மாநிலப் பேச்சுச் சாயலோடு அந்த வேஷத்தைக் கட்டினார். ஆய்வாளர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமே என்றுதான் செய்ததாக அவர் சொல்வதை நம்பலாம். காவலர்கள் தாமாகவே கொடியவர்களாக மாறினார்கள் என்ற பழைய கதையைக் காப்பகத்து ஒலிநாடாக்களும் பொய்யாக்குகின்றன. வார்டனாக வேஷமேற்ற இளங்கலை மாணவர், சாதுவாக நின்ற ஒரு காவலரைத் தனியே அழைத்து, எல்லாக் காவலரும் கறாராக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆய்வு பயன் தரும், சீர்திருத்தத்துக்கு உதவும் என்று வலியுறுத்துவது பதிவாகியிருக்கிறது. அந்த வார்டன் அதே ஆண்டில் சில மாதம் முன்பு டோயன் ஹால் என்ற மாணவர் விடுதியில் வகுப்புப் பணிக்காக ஒரு வாரக் கடைசியில் போலிச் சிறை நடத்திப் பார்த்தவர். விதிகள் சில அங்கிருந்தே வந்தன.

இத்தனையும் காவலரின் பொறுப்பைப் பங்கு போடுகின்றன, அழிப்பதில்லை. ஏனென்றால் மேடையில் நடிக்கும்போது எதிரே இருப்பவரும் நடிகர், அடி விழுவதில்லை. இங்கே 416 என்ற கைதி, நடுவில் மாற்றாக வந்து சேர்ந்தவர், எதிர்ப்பாகச் சாப்பிட மறுத்தார். தட்டில் இருந்தவை இரண்டு சாசேஜ். அதற்காக அவரைக் 'குழி' என்று அழைக்கப்பட்ட, இரண்டடிக்கு இரண்டடி அளவே உள்ள இருட்டு அலமாரி அறைக்குள் நிறுத்திப் பூட்டினார்கள். சக கைதிகளை வரிசையாக வந்து அந்தக் கதவைக் குத்தச் சொன்னார்கள். பிறகு மற்றவர்களிடம் பேரம் பேசினார்கள்: உங்கள் போர்வைகளைக் கொடுங்கள், அவனை வெளியே விடுகிறோம், இல்லையானால் இரவு முழுவதும் உள்ளேயே. பெரும்பாலோர் போர்வையை வைத்துக்கொண்டார்கள். இதில் இருட்டு நடிப்பா? போர்வையைக் கொடுக்காதவர்களின் கூச்சம் நடிப்பா? கட்டியவன் மனத்தில் அது வேஷம் என்பது கட்டப்பட்டவன் உடம்புக்குத் தெரியாது. தெரிந்தாலும் கால் வலிக்கும்.

காவலர்களுக்கு நேர்ந்ததும் ஒரு தீங்குதான் என்பதைப் பலர் பேசுவதில்லை. தம் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்த வயதில், கேட்காமலே, ஒருவனுக்குக் காட்டிவிடுவது சிறிய காரியம் அல்ல. கைதிக்கு அனுதாபமாவது மிஞ்சியது. நாளுக்கு 15 டாலருக்கு வந்து, ஏவியவர் சொற்படி ஏவப்பட்டு, ஏவியவர் உளவியலின் பெயர்பெற்ற பேராசிரியராக இருக்க, காவலர் பாடநூலில் மனிதக் கொடுமைக்கு உதாரணமாக நிற்கிறார்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்? பெற்றோர் பார்க்க வந்த அன்று கைதிகளைக் குளிக்க வைத்து, சவரம் செய்ய வைத்து, கொட்டடியைத் துலக்கி, நல்ல சாப்பாடு போட்டு, பாட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு தாய், மகன் இவ்வளவு வாடிப்போய் இதுவரை பார்த்ததில்லை என்றார். ஜிம்பார்டோ அந்த நேரத்தில் ஆய்வாளர் மட்டும் அல்லர். சிறைக் கண்காணிப்பாளர் என்ற வேஷமும் அவருடையதே. அவர் தாய்க்கு நேராகப் பதில் சொல்லவில்லை. தந்தையின் பக்கம் திரும்பி, உங்கள் பையன் இதைத் தாங்க மாட்டான் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டார். எந்தத் தந்தை ஆமாம் என்பார்? அவன் கெட்டிக்காரன், தாங்குவான் என்று சொல்லிவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு போனார். ஒரு பாதிரியார் வந்து, ஜாமீனுக்கு வக்கீல் வைத்துக்கொள் என்று கைதிகளுக்கு யோசனை சொன்னார். பிறகு வக்கீலும் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இது ஆய்வு என்று எல்லோருக்கும் தெரியும்.

கைதிகள் தப்பிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பியபோது, ஜிம்பார்டோ நகரப் போலீசிடம் போய் அவர்களது பழைய சிறைக்குத் தம் கைதிகளை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். காப்பீடு இடம் தராது என்று அவர்கள் மறுக்க, கோபத்தோடு திரும்பினார். நடந்ததை மறைக்காமல் பின்னாளில் அவரே எழுதியவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் கைதிகள் தப்பிவிடக் கூடாதே என்று பதறும் ஒருவரிடம்தான், படிவத்தின்படி, விடுவிக்கத் தகுந்த காரணம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இருந்தது. மெய்யான சிறையில்கூட நீதிபதி வேறு, ஜெயிலர் வேறு.

கடைசியில் நிறுத்தியதும் வெளியாள்தான். முனைவர் பட்டம் முடித்த கையோடு வந்த கிறிஸ்டினா மாஸ்லாக், இரவில் கைதிகளின் தலையில் பையைக் கவிழ்த்து, காலைச் சங்கிலியால் பிணைத்து, கழிப்பறைக்கு வரிசையாக நடத்திப் போவதைப் பார்த்தார். இந்தப் பையன்களுக்கு நீங்கள் செய்வது பயங்கரம் என்று ஜிம்பார்டோவிடம் சண்டை போட்டார். அதுவரை வந்து பார்த்துப்போன ஐம்பதுக்கு மேற்பட்டோரில் யாரும் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை என்று ஜிம்பார்டோவே எழுதினார். மாஸ்லாக் அவரைக் காதலித்துக்கொண்டிருந்தவர், அடுத்த ஆண்டு மணந்தவர். அந்த நெருக்கம் இல்லாத ஓர் ஆய்வு மாணவி அப்படிக் கத்தியிருக்க முடியுமா, கத்தியிருந்தால் கேட்டிருப்பாரா? பதினைந்து இருபது இளைஞர்களின் கதி இப்படி ஒரு தற்செயலில் தொங்கியது.

இனி வலுவான எதிர்வாதம்: கிடைத்த அறிவு. ஆறு நாள் துன்பத்தால் லட்சக்கணக்கான சிறைவாசிகளின் நிலை உலகுக்குத் தெரிந்தது என்றால் அது நல்ல விலை இல்லையா? சோதனை முடிந்த மறுநாள் சான் குவென்டின் சிறையில் ஜார்ஜ் ஜாக்சன் என்ற கைதி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் அட்டிகா சிறையில் கலகம். ஜிம்பார்டோ அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். பிறகு என்ன ஆனது? அமெரிக்கச் சிறைவாசிகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. 1998இல் அவரும் அவரது அன்றைய உதவியாளர் கிரேக் ஹேனியும் அமெரிக்கச் சிறைகள் போன போக்கைக் கண்டு வருந்தி எழுதினார்கள். பலன் கிட்டவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கிட்டியிருந்தாலும், இன்னொருவன் உடம்பிலிருந்து எடுத்த அறிவுக்கு விலை சரியா என்று மதிப்பிடும் தகுதி, வாங்கியவருக்கு இல்லை. கொடுத்தவன்தான் சொல்ல வேண்டும். அவன் 36ஆம் மணி நேரத்தில் சொல்லிவிட்டான்.

சிறையை உள்ளிருந்து அறிய வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1913இல் நியூயார்க் மாநிலச் சிறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவர் தாமஸ் மாட் ஆஸ்பர்ன், 'டாம் பிரவுன்' என்ற பெயரில் ஆபர்ன் சிறைக்குள் ஒரு வாரம் கைதியாக இருந்தார். வருவதை முன்னதாகவே கைதிகளிடம் சொல்லிவிட்டார். கூடை முடைந்தார். கடைசியில் வேலை செய்ய மறுத்து, வேண்டுமென்றே தண்டனைக் கொட்டடிக்கும் போய்ப் பார்த்தார். பணக்காரனின் கூத்து என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஆனால் துன்பமும் அறிவும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டே அவர் சிங் சிங் சிறையின் வார்டன் ஆனார். 2014இல் கொலராடோ மாநிலச் சிறைத்துறைத் தலைவர் ரிக் ரேமிஷ் தம் துறையின் தனிமைக் கொட்டடி ஒன்றில் 20 மணி நேரம் கிடந்தார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றவன், பல ஆண்டு தனிமைச் சிறையிலிருந்து நேரே தெருவுக்கு விடப்பட்டவன். 2017இல் கொலராடோ தனிமைச் சிறைக்கு 15 நாள் என்று உச்சவரம்பு வைத்தது. ஆஸ்பர்னும் ரேமிஷும் உண்மைக் கைதியின் அனுபவத்தை முழுதாக அறிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. வெளியே வருவோம் என்று தெரிந்தே படுத்தவர்கள். எனினும் பூட்டு வைக்கும் அதிகாரம் உள்ளவர் உள்ளே போவதும், வேலை தேடி வந்த மாணவனை உள்ளே தள்ளுவதும் ஒன்றல்ல.

கூட்டாகச் செய்ய வேண்டிய ஆய்வானாலும் முறை உண்டு. 2001 டிசம்பரில் பிரிட்டனில் அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீஃபன் ரைக்கர் இருவரும் பிபிசிக்காக 15 ஆண்களை வைத்து ஒரு சிறைச் சோதனை நடத்தினார்கள். சுயேச்சையான அறக்குழு ஒன்றும் மனநல நிபுணர்களும் கூடவே கண்காணித்தார்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. அதிலும் நெருக்கடி வந்தது, அதையும் முன்கூட்டியே முடித்தார்கள். ஆனால் ஒருவரின் காதலி கண்ணில் படும்வரை காத்திருக்க நேரவில்லை.

ஸ்டான்ஃபோர்ட் சோதனையை அமெரிக்க உளவியல் சங்கம் 1973இல் பரிசீலித்து, அன்றைய விதிகளை அது மீறவில்லை என்று முடிவு சொன்னது. உண்மையாகவே மீறவில்லை, அன்றைய விதிகள் அவ்வளவுதான். கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமல் நடத்திய டஸ்கீகி சிஃபிலிஸ் ஆய்வின் அநியாயம் அம்பலமான பிறகு 1974இல் சட்டம் வந்தது. பங்கேற்பவர் எந்த நேரத்திலும், எதையும் இழக்காமல் விலகலாம் என்பது படிவங்களில் கட்டாயமாயிற்று.

8612 பிற்காலத்தில் உளவியலாளராகி, சான் ஃபிரான்சிஸ்கோவில் சிறைவாசிகளுடன் வேலை செய்தார். ஜிம்பார்டோ 2024இல் காலமானார். அந்த மாணவர் கத்திய ஒலிப்பதிவு இன்றும் உளவியல் வகுப்புகளில் போடப்படுகிறது. அந்தரங்கத்தை இழக்கச் சம்மதம் என்று அவர் 1971இல் கையெழுத்திட்டது இரண்டு வார ஆய்வுக்கு. எந்தப் படிவத்தின் எந்த வரியின்படி அந்தக் குரலை இன்னும் ஒலிபரப்புகிறோம் என்பதை வகுப்பெடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.